இருபதாவது வாரம்: ஒரு எண்ணின் வரலாறு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. எல்ஐசி பாலிசி, வீட்டுப் பத்திரத்தின் நகல், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இதுக்கெல்லாம் நடுவில் 2013-ஆம் வருஷத்து ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று. போன மாசம் வேற எதையோ தேடும்போது அது கையில் வந்தது. மூலையில் பென்சிலில் என் கையெழுத்து: "19 வா 2 நா. மிச்சம் 5 நாள்."

அந்த "மிச்சம் 5 நாள்" என்ன என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறவன். பழைய தீர்ப்புகள், சட்டங்கள், கமிட்டி அறிக்கைகள் படிப்பது ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்கு இந்தக் கவரில் இருந்து ஆரம்பித்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

2013-ல் மனைவி இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாச ஸ்கேன். குழந்தையின் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் கொஞ்சம் பெரிசாக இருக்கு, 11 மில்லிமீட்டர் காட்டுது, 10-க்குள்ள இருக்கணும் என்றார்கள். எங்கள் டாக்டர் நிதானமானவர். "இது லேசான அளவுதான். நிறைய குழந்தைகளுக்குத் தானாவே சரியாயிடும். சிலதுக்குக் கூடும். வழக்கமா மூணு வாரம் கழிச்சு மறுபடி பார்த்துட்டுதான் முடிவா சொல்லுவோம். ஆனா..." என்று நிறுத்தினார். மூணு வாரம் கழித்து 22 வாரம் ஆகிவிடும். 20 வாரம் தாண்டினால் சட்டம் இடம் கொடுக்காது. கலைக்கிற எண்ணம் இருந்தால் ஐந்து நாளில் சொல்லுங்கள்.

அங்கேயே ஒரு படிவமும் கையில் கொடுத்தார்கள். கணவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது.

அந்த ஐந்து நாளைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அப்போது எனக்கு வந்த கேள்வி ரொம்பச் சின்னது. ஏன் 20? 19 ஏன் இல்லை, 23 ஏன் இல்லை? ப்ரோக்ராமில் யாராவது காரணம் எழுதாமல் ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தால் நாங்கள் 'மேஜிக் நம்பர்' என்று திட்டுவோம். இதை யார் போட்டது, எப்போது போட்டது?

துடிப்பு என்ற கோடு

என் அம்மாவிடம் ஒரு கோடு இருந்தது. ஸ்கேன் விஷயம் கேட்டதும் அவர் சொன்னது: "பிள்ளை புரள ஆரம்பிச்சிடுச்சுன்னா அதுக்கு அப்புறம் தொடக்கூடாதுப்பா." வயிற்றில் பிள்ளை அசைவதைத் தாய் முதலில் உணர்வது சுமார் 16-லிருந்து 20 வாரத்துக்குள். முதல் பிரசவம் என்றால் கொஞ்சம் தாமதமாகத் தெரியும்.

அம்மா எந்தச் சட்டமும் படித்தவர் இல்லை. ஆனால் அதே கோடு இங்கிலாந்துச் சட்டத்திலும் இருந்தது. 1803-ல் எல்லன்பரோ பிரபு கொண்டுவந்த சட்டம், துடிப்புக்குப் பிறகு கருவைக் கலைத்தால் மரண தண்டனை, அதற்கு முன்பென்றால் நாடுகடத்தல் போன்ற குறைந்த தண்டனை என்று பிரித்தது. ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் இல்லாத காலத்தில் கர்ப்பத்துக்கு உறுதியான சாட்சி அந்தப் பெண்ணின் உணர்வு மட்டும்தான். 1837-ல் இங்கிலாந்து அந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அதே 1837-ல்தான் மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை முடித்தது. (மெக்காலே இந்தியாவில் முதலில் கால் வைத்தது நம்ம மெட்ராஸில்தான், 1834 ஜூனில். அங்கிருந்து கவர்னர் ஜெனரலைப் பார்க்க ஊட்டிக்குப் போனார்.) அந்த வரைவோடு சேர்ந்த குறிப்புகளில் கருக்கலைப்பு பற்றி ஒரு பத்தி வருகிறது. இந்தச் சட்டத்தை இந்த நாட்டில் மிக மோசமான காரியங்களுக்குப் பயன்படுத்துவார்கள் என்று பலமாக அஞ்சுகிறோம் என்று கமிஷனே எழுதியிருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும் ஒரு குடும்பத்தின் மானம் போய்விடும், அதனால் பொய்ப் புகார் கொடுக்கும் மிரட்டலே அயோக்கியர்கள் கையில் பெரிய ஆயுதமாகும் என்பது அவர்கள் வாதம். சட்டத்தை எழுதினவர்களே சட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்! ஆனாலும் எழுதினார்கள்.

1860-ல் நிறைவேறி 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு இதுதான்: கருவைக் கலைத்தால் 3 வருஷம் வரை சிறை. பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகு என்றால் 7 வருஷம் வரை. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். இங்கிலாந்து தூக்கிப்போட்ட துடிப்புக் கோட்டை நமக்கு வைத்துவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 88-ஆம் பிரிவைப் பாருங்கள், துடிப்பு அப்படியே இருக்கிறது. 1803-ல் லண்டனில் எழுதின வார்த்தை.

அடெம்மா

இந்தப் பிரிவு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு வந்தது 1886-ல். 'குயின் எம்ப்ரஸ் எதிர் அடெம்மா' என்ற வழக்கு. சட்டப் புத்தகங்களில் 312-ஆம் பிரிவுக்குக் கீழே இன்றும் இதைக் காட்டுவார்கள்.

அடெம்மா என்ற பெண் தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டதாகக் குற்றச்சாட்டு. அப்போது அவள் ஒரு மாசக் கர்ப்பம். கீழ்க்கோர்ட் விடுதலை செய்தது. ஒரு மாசத்தில் சிசு என்று சொல்ல அங்கே எதுவுமே உருவாகியிருக்காதே என்பது காரணம். ஹைகோர்ட் அந்த விடுதலையைத் தப்பு என்றது. கரு தரித்த கணத்திலிருந்தே அதைக் காப்பது தாயாகப் போகிறவளின் முழுக் கடமை, துடிப்பு வந்ததா இல்லையா என்பது தண்டனையின் அளவைத்தான் மாற்றும், குற்றம் முதல் நாளிலிருந்தே குற்றம் என்று ஆகிவிட்டது.

பெயரைப் பார்த்தால் தெலுங்குப் பக்கத்துப் பெண் என்று தோன்றுகிறது. மெட்ராஸ் பிரசிடென்சி அப்போது ஆந்திரா வரை இருந்தது. ஏன் கலைத்தாள், வீட்டில் என்ன நிலைமை என்பதெல்லாம் சட்டப் புத்தகத்துக்குத் தேவைப்படவில்லை. 140 வருஷமாக அவள் பெயர் மட்டும் மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு மாசம் என்பது ஒரு தடவை தள்ளிப்போன நேரம். இதுவே குற்றம் என்றால், பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் வாய் திறந்தால் போதும், ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பலாம். மெக்காலே கமிஷன் பயந்தது இதைத்தான்.

இதற்குச் சில வருஷம் முன்னால், 1881-ல், சூரத் பக்கம் விஜயலட்சுமி என்ற பிராமண விதவைக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். முறையற்ற கர்ப்பத்தில் பிறந்த குழந்தையைக் கொன்றாள் என்பது வழக்கு. பிறகு தண்டனை குறைக்கப்பட்டது. அந்த வழக்கும் அதையொட்டிப் பத்திரிகைகள் பெண்களைத் தூற்றினதும்தான் தாராபாய் ஷிண்டேயை 1882-ல் 'ஸ்த்ரீ புருஷ் துலனா' என்ற மராத்தி நூலை எழுத வைத்தது. மறுமணம் கூடாது, கர்ப்பமும் கூடாது, கலைக்கவும் கூடாது என்றால் அவள் எங்கே போவாள்? அந்தக் காலத்து மருத்துவச் சட்டப் புத்தகங்களில், உதாரணமாக 1856-ல் நார்மன் செவர்ஸ் எழுதியதில், கருக்கலைப்பு ஒரு தனி விஷயமாகவே வருகிறது. செத்துப்போன பெண்களின் உடல்களிலிருந்து எழுதின வரலாறு அது.

1971: எண் பிறக்கிறது

அடுத்த தாவல் 1964. மத்திய குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தின் யோசனைப்படி ஒரு கமிட்டி போடப்பட்டது. தலைவர் மகாராஷ்டிரத்தின் சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா. 1966 டிசம்பர் கடைசியில் அறிக்கை வந்தது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் யாரும் மதிக்கவில்லை, திருட்டுத்தனமாகச் செய்துகொண்டு பெண்கள் சாகிறார்கள், எனவே தளர்த்துங்கள் என்பது சாரம்.

இங்கே ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. 1967-ல் மத்திய சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சராக வந்தவர் எஸ்.சந்திரசேகர். வேலூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த மக்கள்தொகை ஆய்வாளர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று அமைச்சராக இருந்தபோது விடாமல் பேசியவர். 1974-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகமும் போட்டார். அவருடைய கவலை பெண்ணின் உரிமை என்பதைவிட நாட்டின் ஜனத்தொகை. இது முக்கியம். மேற்கே பெண்கள் தெருவில் இறங்கி வாங்கின சட்டம், இங்கே டாக்டர்களும் ஜனத்தொகை நிபுணர்களும் மேஜையில் உட்கார்ந்து எழுதினது. அதன் ரேகை சட்டத்தில் தெரியும்.

1971 ஆகஸ்டில் எம்டிபி சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 12 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். 12-லிருந்து 20 வரை இரண்டு டாக்டர்கள். பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனடித் தேவை என்றால் வார வரம்பு இல்லை. கவனியுங்கள், எந்த வாரத்திலும் "நான் கேட்கிறேன், செய்யுங்கள்" என்று ஒரு பெண் சொல்ல முடியாது. டாக்டர் நல்லெண்ணத்தோடு ஒரு காரணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். உரிமை டாக்டரின் பேனாவில் இருக்கிறது.

சரி, ஏன் 20? சட்டத்தின் வரிகளில் காரணம் இல்லை. ஆனால் அன்றைய மருத்துவத்தைப் பார்த்தால் புரியும். 12 வாரம் வரை கர்ப்பப்பை வாய் வழியாகவே காலி செய்யலாம். அதற்கு மேல் உப்புக் கரைசல் செலுத்துவது, அல்லது சிசேரியன் மாதிரி வயிற்றைக் கிழிப்பது. வாரம் ஏற ஏற தாய்க்கு ஆபத்து ஏறும். இரண்டு படிகளும் அந்த ஆபத்தின் படிகள்தான் என்பது என் வாசிப்பு. இங்கிலாந்தில் அப்போது வரம்பு 28 வாரம். வெளியே எடுத்தால் குழந்தை பிழைக்குமா என்ற கேள்வியில் இருந்து 1929-ல் வந்தது. 1990-ல் அதை 24 ஆக்கினார்கள். நம்முடைய 20 அந்தக் கேள்வியில் இருந்து வந்த மாதிரித் தெரியவில்லை.

ஆனால் சட்டத்தின் நோக்கங்களில் மூன்றாவதாக ஒன்று எழுதியிருந்தார்கள்: பிறக்கப் போகும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கும் என்றால் கலைக்கலாம். 1971-ல் இதை எப்படித் தெரிந்துகொள்வது? கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் வயிற்றில் இருக்கும் சிசுவை ஒலி அலையில் காட்டிய கட்டுரை 1958-ல்தான் வந்தது. குறைபாடு பார்க்கும் ஸ்கேன் நம் ஊரில் சாதாரணமாக ரொம்ப காலம் ஆனது. அது வந்தபோது எந்த வாரத்தில் எடுக்க வேண்டியதாயிற்று? 18-லிருந்து 20. இதயமும் மூளையும் தெளிவாகத் தெரிவது அப்போதுதான். அதாவது பரீட்சை ரிசல்ட் வருகிற அன்றே கல்லூரி அட்மிஷன் மூடுகிறது. எழுதினவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு ஸ்கேன் தெரியாது. ஆனால் ஸ்கேன் வந்த பிறகும் பல வருஷம் யாரும் எண்ணைத் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து தொடங்கும். கரு தரிப்பது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. எனவே "20 வாரம்" என்றால் கருவின் வயது 18. தேதி சரியாக நினைவில்லாத பெண்ணுக்கு இந்தக் கணக்கே ஒரு வாரம் முன்னே பின்னே போகும். அந்த ஒரு வாரம்தான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது.

கோர்ட் வாசலில்

2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா என்பவரின் கருவுக்கு இதயத் துடிப்புக் கோளாறு என்று தெரிந்தது, 20 வாரம் தாண்டிய பிறகு. அவரும் கணவரும் டாக்டர் நிகில் தாதரும் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஆகஸ்டில் கோர்ட் மறுத்தது. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்றது. கொஞ்ச நாளில் அவருக்குக் கரு தானாகவே கலைந்துவிட்டது. ஆனால் அந்த வழக்கு அந்த எண்ணை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2014-ல் 24 வாரம் என்று ஒரு வரைவுத் திருத்தம் வந்து அப்படியே கிடந்தது.

2016 ஜூலையில் மண்டை ஓடு உருவாகாத கருவைச் சுமந்த ஒரு பெண்ணுக்கு 24-வது வாரத்தில் சுப்ரீம் கோர்ட் அனுமதி கொடுத்தது. அதன் பிறகு வரிசை நீண்டது. படிக்கப் படிக்க ஒரே சட்டம், ஒரே வருஷம், வேறு வேறு முடிவுகள். 2017 ஜூலையில் சண்டிகரில் வன்கொடுமைக்கு ஆளான 10 வயதுச் சிறுமி, சுமார் 32 வாரம். ஆபத்து என்று மருத்துவக் குழு சொன்னதால் சுப்ரீம் கோர்ட் மறுத்தது. ஆகஸ்டில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். செப்டம்பரில் மும்பையில் 13 வயதுச் சிறுமி, அதே அளவு வாரம். அனுமதித்தார்கள். குழந்தை உயிரோடு பிறந்து இரண்டு நாளில் இறந்தது.

சிறுமிகள் விஷயத்தில் ஏன் எப்போதும் தாமதம்? தள்ளிப்போனது என்றால் என்னவென்றே அந்தக் குழந்தைக்குத் தெரியாது. வீட்டில் வயிறு தெரிந்த பிறகுதான் தெரியும். செய்தவன் பல நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பிறகு போலீஸ், போக்சோ, ஆஸ்பத்திரி, வக்கீல். ஒவ்வொன்றிலும் வாரம் ஓடுகிறது. வாய்தா வாங்கினால் சொத்து வழக்கு காத்திருக்கும், கர்ப்பம் காத்திருக்காது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் இருந்து பாரிமுனைக்கு வந்து ரிட் போடுவது யாருக்குச் சாத்தியம் என்று நீங்களே யோசியுங்கள்.

2021-ல் திருத்தம் வந்தது. மார்ச்சில் நிறைவேறி செப்டம்பர் 24-ல் அமல். இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டர். 20-லிருந்து 24 வரை இரண்டு டாக்டர்கள், ஆனால் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும்: வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவுக்குக் கடும் குறைபாடு உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். 24-க்கு மேல் கருவுக்குக் கடும் குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் வரம்பே இல்லை. பழைய சட்டத்தில் "மணமான பெண் அல்லது அவள் கணவன்" கருத்தடை தோற்றுப்போனால் என்று இருந்தது, "பெண் அல்லது அவள் துணைவர்" என்று மாறியது.

2022 செப்டம்பர் 29-ல் நீதிபதி சந்திரசூட் அமர்வு, மணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரப் பிரிவு பொருந்தும் என்றது. இந்தச் சட்டத்தின் தேவைக்கு மட்டும், கணவன் பலவந்தப்படுத்துவதும் வன்கொடுமைதான் என்றது. பெரிய தீர்ப்பு. ஆனால் அடுத்த வருஷம் அக்டோபரில் அதே சந்திரசூட் தலைமையில் மூன்று பேர் அமர்வு, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவருக்கு 26 வாரத்தில் அனுமதி மறுத்தது. பிரசவத்துக்குப் பின் மனநோய் வந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால் கர்ப்பமே தெரியவில்லை. முதலில் இரண்டு பெண் நீதிபதிகள் அனுமதித்தார்கள். பிறகு எய்ம்ஸ் டாக்டர், கரு பிழைக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, முதலில் இதயத்தை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு எழுதினார். அந்த இருவரே இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசி முடிவு: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, குறைபாடு இல்லை, 24 தாண்டிவிட்டது.

அந்த டாக்டரின் கேள்வியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். 26 வாரக் குழந்தை நல்ல ஐசியூவில் பிழைக்கலாம். அதைச் செய்ய வேண்டிய கை அவருடையது. நீதிபதியுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

அமெரிக்காவின் வழி வேறு

அங்கே 1990-களில் சண்டை வாரத்தைப் பற்றி இல்லாமல் முறையைப் பற்றி நடந்தது. தாமதமான கருக்கலைப்பில் ஒரு குறிப்பிட்ட அறுவை முறைக்கு எதிர்ப்பாளர்கள் 'பாதிப் பிரசவக் கருக்கலைப்பு' என்று பெயர் வைத்தார்கள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத பெயர். சுமார் 30 மாநிலங்கள் தடைச் சட்டம் போட்டன. நெப்ராஸ்கா மாநிலச் சட்டத்தை டாக்டர் லிராய் கார்ஹார்ட் எதிர்த்தார். 2000-ல் 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெண்ணின் உடல்நலத்துக்கு விலக்கு இல்லை என்பது ஒரு காரணம். 2003-ல் மத்திய அரசே தடைச் சட்டம் போட்டது. 2007-ல் அதே 5-4, ஆனால் இந்த முறை தடை செல்லும் என்று. நடுவில் ஒரு நீதிபதி ஓய்வு பெற்று வேறொருவர் வந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 2022-ல் மிசிசிப்பியின் 15 வாரச் சட்டத்தை வைத்து 1973-ன் ரோ தீர்ப்பையே தூக்கிவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது: அங்கே 21 வாரத்துக்குப் பிறகு நடப்பது மொத்தத்தில் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் முழு விவாதமும் அதன் மேல் நடந்தது. அந்தப் படம்தான் மனசை உலுக்கும் என்பதால். இங்கேயும் அப்படித்தான். 2015-ல் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் என்று லான்செட் குளோபல் ஹெல்த் ஆய்வு கணக்கிட்டது. அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையில் நடந்தவை. கோர்ட் வரை வந்து செய்தியாகிறவர்கள் அந்தக் கோடிகளில் ஒரு துளி.

நம் ஊரின் இன்னொரு பயம்

தமிழ்நாட்டில் இதை எழுதும்போது உசிலம்பட்டியைத் தாண்டிப் போக முடியாது. 1980-களில் பெண் சிசுக்கொலைச் செய்திகள், 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994-ல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம். அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் பாலினம் தெரியும் காலமும் குறைபாடு தெரியும் காலமும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் 12 வாரத்துக்கு மேல் வருகிற எந்தப் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சட்டம் அனுமதிக்கும் கேஸையும் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று அனுப்புவது இந்தப் பயத்தால்தான்.

மாற்றுத்திறனாளி அமைப்புகளின் கேள்வியும் நியாயமானது. நல்ல கருவுக்கு 24 வாரக் காவல், குறைபாடு உள்ள கருவுக்குக் காவலே இல்லை என்றால், சட்டம் யாருடைய உயிரைக் குறைவாக மதிப்பிடுகிறது? எனக்குப் பதில் தெரியவில்லை. முடிவைப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் காரணத்தைக் கேட்காமல் இருந்தால் இந்த அவமானம் சட்டத்தில் இருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

அந்த ஐந்து நாள்

முதல் நாள் நான் கூகுளில் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் ஆபீஸ் போனேன், எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மனைவி கேட்டாள்: "என்னங்க, அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திருக்கலாம்னு சட்டம் சொல்லியிருந்தா நாம இன்னைக்குத் தூங்கியிருப்போம் இல்ல?" நான்காம் நாள் கலைத்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஆமாம், முடிவு செய்தோம். தெரியாமல் காத்திருந்து, 22-ல் கூடிவிட்டால் வழியே இருக்காது என்ற பயம். ஐந்தாம் நாள் காலையில் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் 8 மில்லிமீட்டர். இப்போது ஆறாவது படிக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு "பாருங்க, கலைக்காம இருந்தது நல்லதாப் போச்சு" என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். அதே 11 இன்னொரு வீட்டில் 20 ஆகியிருக்கும். அந்த வீட்டுக்கு 2013-ல் கதவு மூடியிருந்தது. நான் சொல்ல வருவது வேறு. கருவைக் காப்பாற்றத்தான் அந்தக் கோடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கோடுதான் எங்களை விரட்டியது. இன்னும் மூன்று வாரம் கொடுத்திருந்தால் நாங்கள் கலைப்பது பற்றிப் பேசியே இருக்க மாட்டோம். கடைசித் தேதி வைத்தால் ஜனங்கள் கடைசித் தேதிக்குள் முடிவெடுப்பார்கள், விவரம் வந்த பிறகு எடுக்க மாட்டார்கள். இது என் தொழிலில் தினமும் பார்ப்பது. 24 ஆக்கினது எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மூன்று வாரத்தைக் கொடுத்திருக்கிறது.

அந்தப் படிவத்தில் கணவர் கையெழுத்துக் கட்டத்தில் நான் நான்காம் நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன். பின்னாளில் சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, 1971-லிருந்தே வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். என் கையெழுத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன், நேரம் வரும்போது" என்றாள். ரிப்போர்ட்டை மறுபடி அதே கவரில் வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிவில் அடெம்மா காலத்து மெட்ராஸ் ஹைகோர்ட் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத ஆசை. 1880-களின் மெட்ராஸ் தீர்ப்புத் தொகுப்புகளைக் கையில் வைத்திருக்கும் வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் ஒரு வரியாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.